மூன்றாவது ஆள் யார்? தரவரிசையை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

அக்கா மகனுக்கு வயது 14. பள்ளி அணியில் டென்னிஸ் ஆடுகிறான். 2025 சீசன் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், ஃபோனில் ஏடிபி (ஆண்கள் டென்னிஸை நடத்தும் அமைப்பு) தரவரிசைப் பட்டியலைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

"மாமா, அல்கராஸையும் சின்னரையும் எல்லாரும்தான் பார்க்கிறாங்க. அடுத்த வருஷம் பூரா நான் வேற ஒருத்தரை விடாம பார்க்கப் போறேன். கிராண்ட்ஸ்லாம் ஜெயிக்கக்கூடிய ஆளா இருக்கணும். மூணாவது இடத்துல ஸ்வெரெவ் இருக்கார். அவரையே எடுத்துக்கட்டுமா?"

யோசிக்காமல் "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத்தான் அன்று சாயங்காலம் முழுக்கப் போனது. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கிராண்ட்ஸ்லாம் என்பது ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்: மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன், பாரிஸில் பிரெஞ்ச் ஓபன், லண்டனில் விம்பிள்டன், நியூயார்க்கில் யுஎஸ் ஓபன்.

முதலில் பட்டியல். 2025 நவம்பரில் சீசன் முடிந்தபோது ஸ்பெயினின் அல்கராஸ் 12,050 புள்ளிகளோடு முதலிடம். இத்தாலியின் சின்னர் 11,500. மூன்றாவது இடத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்வெரெவிடம் இருந்தது 5,000 சொச்சம். அதாவது இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள தூரம், மூன்றாம் இடத்துக்காரரின் மொத்தப் புள்ளியைவிட அதிகம். அவருக்குக் கீழே ஜோகோவிச், ஓஜே-அலியாசிம், டெய்லர் ஃபிரிட்ஸ், டி மினோர், முசெட்டி, பென் ஷெல்டன், பத்தாவதாக ஜாக் டிரேப்பர். மூன்றிலிருந்து ஒன்பது வரை உள்ள ஏழு பேருக்கும் இடையே இருக்கும் வித்தியாசம், ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாமில் இறுதிக்குப் போய்த் தோற்றாலே கிடைக்கும் 1,300 புள்ளிக்குள் அடங்கிவிடும். அதனால் "மூன்றாவது" என்ற எண்ணுக்கு இந்த வருடம் பெரிய கனம் கிடையாது. மூன்றும் ஒன்பதும் ஒரே தெருதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024, 2025 இரண்டு வருடங்களிலும் நடந்த எட்டு கிராண்ட்ஸ்லாமையும் அல்கராஸும் சின்னருமே ஆளுக்கு நான்காகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதற்கு முன்னால் கடைசியாக வென்றவர் ஜோகோவிச், 2023 யுஎஸ் ஓபன். ஆக, கேள்வி "மூன்றாம் இடத்தில் இருப்பவர் யார்" என்பது அல்ல. இந்தப் பூட்டை உடைக்கக்கூடியவர் யார் என்பதுதான்.

தரவரிசை என்ன சொல்கிறது

ஏடிபி தரவரிசை 1973 ஆகஸ்டில் தொடங்கியது. முதல் நம்பர் ஒன் ருமேனியாவின் இலி நஸ்டாசே. இன்றைய முறை எளிமையானது: கடந்த 52 வாரத்தில் சம்பாதித்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும். கிராண்ட்ஸ்லாம் வென்றால் 2,000, அதற்கு அடுத்த நிலைப் போட்டியான மாஸ்டர்ஸ் வென்றால் 1,000, அதற்குக் கீழே உள்ள போட்டிகளுக்கு 500, 250. போன வருடம் இதே வாரத்தில் எடுத்த புள்ளி இந்த வருடம் இதே வாரம் கழிந்துவிடும். கணக்கில் குழப்பம் எதுவும் இல்லை. வங்கிப் பாஸ்புத்தகம் மாதிரி: போன வருடம் எவ்வளவு வந்தது என்று துல்லியமாகச் சொல்லும், அடுத்த மாதம் என்ன வரும் என்று சொல்லாது.

யாரை வென்று அந்தப் புள்ளி வந்தது என்பதையும் அது பார்ப்பதில்லை. இறுதிக்குள் அல்கராஸையும் சின்னரையும் வீழ்த்தி வந்தாலும் 1,000 தான், டிரா (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) திறந்துகொண்டு எளிதாக வந்தாலும் 1,000 தான். 2025 அக்டோபரில் ஷாங்காய் மாஸ்டர்ஸில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மொனாக்கோவின் வாலன்டின் வாஷெரோ உலகின் 204-வது இடத்தில் இருந்தார். தகுதிச் சுற்றுக்கே நேரடியாக இடம் கிடைக்காமல், யாராவது விலகினால் ஆடலாம் என்று காத்திருந்து உள்ளே வந்தவர். அரையிறுதியில் ஜோகோவிச்சை வென்றார். இறுதியில் எதிரே நின்றது அவருடைய சொந்தக்காரப் பையன், பிரான்ஸின் ஆர்தர் ரிண்டெர்க்னெக். முதல் செட்டை இழந்தும் 4-6, 6-3, 6-3 என்று பட்டத்தை எடுத்தார். மாஸ்டர்ஸ் வென்றவர்களிலேயே தரவரிசையில் மிகக் கீழே இருந்தவர் அவர்தான். அடுத்த திங்கட்கிழமை 40-வது இடம். ஒரு வாரத்தில் அவர் ஆட்டம் 164 இடம் முன்னேறியதா? ஆட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது, பட்டியலுக்குத்தான் தெரியவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டதால், ஏடிபி அந்தப் போட்டிக்குப் புள்ளியே தரவில்லை. ஜோகோவிச் பட்டம் வென்றார், வென்ற மறுநாள் 3-வது இடத்திலிருந்து 7-வது இடத்துக்கு இறங்கினார்.

எனக்கு இது புத்தி​யில் பதிந்தது நுங்கம்பாக்கத்தில். 2017 ஜனவரி, சென்னை ஓபன் இறுதி நாள். அன்று இரட்டையர் இறுதியில் நான்கு பேரும் இந்தியர்கள், ரோகன் போபண்ணாவும் நம்ம ஜீவன் நெடுஞ்செழியனும் வென்றார்கள். கூட்டம் அதற்காகத்தான். ஒற்றையர் இறுதியில் ராபர்டோ பௌடிஸ்டா அகூட்டுக்கு எதிராக, ஒல்லியாக உயரமாக ஒரு ரஷ்யப் பையன். வயது 20, தரவரிசை 99. ஃபோர்ஹேண்டை அடித்து முடிக்கும்போது ராக்கெட் தலைக்கு மேலே எங்கோ சுற்றிக்கொண்டு போகும். பின்கோட்டுக்கு வெகு பின்னால் நின்றுகொண்டு, வந்ததையெல்லாம் திருப்பி அனுப்பினான். 6-3, 6-4 என்று தோற்றுப்போனான். பக்கத்து இருக்கைக்காரர் "ஆள் பார்க்க ஒரு மாதிரி இருக்கான், பந்து மட்டும் திரும்பி வந்துட்டே இருக்கு" என்றார். அந்தப் பையன் டேனில் மெத்வெதேவ். அதுதான் அவருடைய முதல் ஏடிபி இறுதி. 2021-இல் ஜோகோவிச்சை வீழ்த்தி யுஎஸ் ஓபன், 2022 பிப்ரவரியில் உலக நம்பர் ஒன். 99 என்ற எண்ணில் இதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பந்து திரும்பி வந்துகொண்டே இருந்ததில் எழுதியிருந்தது.

மற்ற அளவுகோல்கள்

சரி, தரவரிசை போதாது என்றால் வேறு என்ன இருக்கிறது? ரேஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. ஜனவரியில் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அந்த ஆண்டின் புள்ளிகளை மட்டும் எண்ணும், முதல் எட்டுப் பேர் டூரினில் நடக்கும் ஆண்டு இறுதிப் போட்டிக்குப் போவார்கள். ஆகஸ்டுக்கு மேல் அது நல்ல அளவுகோல். பிப்ரவரியில் அதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள், ஒரே போட்டியில் ஓடியவர் மேலே நிற்பார்.

எலோ என்ற முறை இன்னும் பயனுள்ளது. சதுரங்கத்திலிருந்து வந்தது, நம்ம ஊரில் சதுரங்கம் ஆடும் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். வலுவான ஆளை வென்றால் அதிகம் ஏறும், பலவீனமானவரிடம் தோற்றால் அதிகம் இறங்கும். எந்தப் போட்டி, எந்தச் சுற்று என்பது அதற்கு முக்கியமில்லை. ஒருவருடைய இன்றைய வலிமையை ஏடிபி பட்டியலைவிட எலோ சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். ஆனால் காயத்தில் ஆறு மாதம் படுத்திருந்தவரைப் பற்றி அதற்கும் ஒன்றும் தெரியாது. அப்புறம், ஐந்து செட் ஆட்டத்தையும் மூன்று செட் ஆட்டத்தையும் ஒரே தராசில் வைத்தால், கிராண்ட்ஸ்லாமுக்கு அது முழுமையாகப் பொருந்தாது.

தரவரிசையை இவ்வளவு குறை சொன்னாலும், ஒரு விஷயத்தில் அதை மதித்தே ஆக வேண்டும். அது நடந்ததை அளப்பதோடு நிற்காமல், நடக்கப்போவதற்குப் பாதையும் போடுகிறது. தரவரிசைப்படி டிராவில் இடம் ஒதுக்கப்படும் ஆட்டக்காரரைச் சீடு என்பார்கள். கிராண்ட்ஸ்லாம் டிராவில் முதல் சீடும் இரண்டாம் சீடும் எதிரெதிர்ப் பாதியில். மூன்றும் நான்கும் அவர்களை அரையிறுதிக்கு முன் சந்திக்கவே முடியாது. ஐந்திலிருந்து எட்டு வரை உள்ளவர்கள் காலிறுதியிலேயே மாட்டலாம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ளவர்களுக்கும் காலிறுதிதான், ஆனால் அதற்கு முன் ஐந்து-எட்டில் ஒருவரைத் தாண்ட வேண்டும். பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை என்றால் நான்காவது சுற்றிலேயே முதல் நால்வரில் ஒருவர். 2025 பிரெஞ்ச் ஓபனில் ஷெல்டன் 13-வது சீடு, நான்காவது சுற்றில் எதிரே அல்கராஸ். விம்பிள்டனில் 10-வது சீடு, காலிறுதியில் எதிரே சின்னர். நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நூறு புள்ளி வித்தியாசம்கூட இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த நூறு புள்ளி ஒரு சுற்று முழுவதையும் தீர்மானித்துவிடும்.

யாரிடம் தோற்றார்?

நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான். ஒருவர் எத்தனை வென்றார் என்பதைவிட, நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் யாரிடம் தோற்றுத் திரும்பினார் என்பது அதிகம் சொல்லும். 2025-ஐ வைத்து வரிசையாகப் பார்ப்போம்.

ஸ்வெரெவ்: ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் சின்னரிடம் நேர் செட்டில். பிரெஞ்ச் ஓபன் காலிறுதியில் ஜோகோவிச்சிடம். விம்பிள்டன் முதல் சுற்றிலேயே ரிண்டெர்க்னெக்கிடம். யுஎஸ் ஓபன் மூன்றாவது சுற்றில் ஓஜே-அலியாசிமிடம். ஜனவரியில் கிடைத்த 1,300 புள்ளிதான் வருடக் கடைசியில் அவரை மூன்றாம் இடத்தில் தாங்கிப் பிடித்தது. அதற்குப் பிறகு எந்தக் கிராண்ட்ஸ்லாமிலும் காலிறுதியைத் தாண்டவில்லை.

ஃபிரிட்ஸ்: மெல்போர்னில் மூன்றாவது சுற்றில் மோன்ஃபில்ஸ், பாரிஸில் முதல் சுற்றில் ஆல்ட்மையர், விம்பிள்டன் அரையிறுதியில் அல்கராஸ், நியூயார்க் காலிறுதியில் ஜோகோவிச். வேகமான தரையில் ஆபத்தானவர், களிமண்ணில் கணக்கில் வராதவர்.

முசெட்டி: மெல்போர்னில் ஷெல்டன், பாரிஸ் அரையிறுதியில் அல்கராஸோடு ஆடும்போது கால் பிடித்துக்கொண்டு விலகல், விம்பிள்டன் முதல் சுற்றில் பசிலாஷ்விலி, நியூயார்க் காலிறுதியில் சின்னர்.

டி மினோர்: மெல்போர்ன் காலிறுதியில் சின்னர், பாரிஸில் இரண்டு செட் முன்னிலையைக் கோட்டைவிட்டுப் புப்ளிக், விம்பிள்டனில் ஜோகோவிச், நியூயார்க் காலிறுதியில் ஓஜே-அலியாசிம்.

ஷெல்டன்: மெல்போர்ன் அரையிறுதியில் சின்னர். பாரிஸ் நான்காவது சுற்றில் அல்கராஸ். விம்பிள்டன் காலிறுதியில் சின்னர். நியூயார்க்கில் மூன்றாவது சுற்றில் மன்னரினோவோடு ஆடும்போது இடது தோள் பிடித்துக்கொண்டு, பாதியில் விலகினார்.

இந்த வரிசையைச் சொல்லி முடித்ததும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, ஷெல்டனை அந்த ரெண்டு பேரைத் தவிர வேற யாருமே தோற்கடிக்கலையா?" கிராண்ட்ஸ்லாமில், தோள் பிடித்துக்கொண்ட அந்த ஒரு ஆட்டம் போக, ஆமாம். ஒன்பதாவது இடம் என்ற எண்ணுக்குப் பின்னால் இது ஒளிந்திருக்கிறது.

பூட்டை முன்னால் உடைத்தவர்கள்

இதே மாதிரி ஒரு காலம் இருந்தது. ஃபெடரர், நடால், ஜோகோவிச், மர்ரி நால்வரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற காலம். அப்போது உள்ளே நுழைந்தவர்கள் யார்? 2009 யுஎஸ் ஓபனில் டெல் போட்ரோ, அரையிறுதியில் நடாலையும் இறுதியில் ஃபெடரரையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். 2014 ஆஸ்திரேலிய ஓபனில் வாவ்ரிங்கா. அதே ஆண்டு யுஎஸ் ஓபனில் சிலிச்.

இந்தக் கடைசி இருவரையும் சென்னை நன்றாக அறியும். சிலிச் 2009, 2010 என்று தொடர்ந்து இரண்டு முறை சென்னை ஓபனை வென்றவர். வாவ்ரிங்கா நான்கு முறை. 2014 ஜனவரி முதல் வாரம் நுங்கம்பாக்கத்தில் கோப்பையை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியவர், மூன்று வாரம் கழித்து மெல்போர்னில் இன்னொரு கோப்பையைத் தூக்கினார். காலிறுதியில் ஜோகோவிச்சை ஐந்தாவது செட்டில் 9-7, இறுதியில் நடாலை நான்கு செட்டில். அப்போது அவருக்கு வயது 28, தரவரிசை 8. சிலிச் நியூயார்க்கில் 14-வது சீடு, அரையிறுதியில் ஃபெடரருக்கு ஒரு செட்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் நாலாவது, ஐந்தாவது இடத்தில் வருடக்கணக்காக நின்றுகொண்டிருந்த டேவிட் ஃபெரர் எவ்வளவோ நேர்த்தியான ஆட்டக்காரர், உழைப்பாளி. ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதி, அதிலும் நடாலிடம் தோல்வி.

டெல் போட்ரோவின் ஃபோர்ஹேண்ட், வாவ்ரிங்காவின் ஒற்றைக்கை பேக்ஹேண்ட், அந்த இரண்டு வாரம் சிலிச் போட்ட சர்வ்: மூவரிடமும் எதிராளி எவ்வளவு ஓடினாலும் பதில் இல்லாத ஒரு அடி இருந்தது. பந்தைத் திருப்பிக்கொண்டே இருந்து அந்த நால்வரையும் ஜெயிக்க முடியாது, அவர்கள் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வார்கள். தரவரிசை நிதானத்துக்கு மதிப்பெண் போடுகிறது. பூட்டை உடைப்பதற்கு ஒரு நல்ல நாளில் எட்டக்கூடிய உச்சம் எவ்வளவு உயரம் என்பதுதான் வேண்டும்.

இந்த அளவில் வைத்தால் டி மினோர் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார், சொல்ல மனசு வரவில்லை என்றாலும். அவர் கால் வேகம் பார்க்கவே கண்கொள்ளாத ஒன்று. ஆனால் 2025 முடிவு வரை ஆறு கிராண்ட்ஸ்லாம் காலிறுதி, ஒரு அரையிறுதிகூட இல்லை. சின்னரோடு பத்துக்கு மேற்பட்ட முறை ஆடியும் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை.

ஸ்வெரெவிடம் அந்த அடி இருக்கிறது. முதல் சர்வும் பேக்ஹேண்டும் உலகத் தரம். ஒலிம்பிக் தங்கம், இரண்டு முறை ஆண்டு இறுதிப் பட்டம், ஏழு மாஸ்டர்ஸ். நீரிழிவோடு இவ்வளவும் செய்திருக்கிறார், அதற்காகவே அவரை வணங்கலாம். ஆனால் 2020 யுஎஸ் ஓபன் இறுதியை நினைத்துப் பாருங்கள். டொமினிக் தீமுக்கு எதிராக இரண்டு செட் முன்னிலை. ஐந்தாவது செட்டில் 5-3 என்று பட்டத்துக்காக சர்வ் போட வந்தார், முடியவில்லை. டைபிரேக்கில் (6-6 ஆனதும் செட்டைத் தீர்மானிக்கும் கேமில்) அவருடைய செகண்ட் சர்வ் மணிக்கு 110 கி.மீ. அளவுக்கு இறங்கியது, இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழக்கும் டபுள் ஃபால்ட் இரண்டு வேறு. 2024 பிரெஞ்ச் ஓபன் இறுதியில் அல்கராஸுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலை, அடுத்த இரண்டு செட்டில் மொத்தம் மூன்று கேம். ஆட்டம் இறுகும்போது அவர் பின்னால் போய் நின்றுகொள்கிறார். 28 வயதில் அது மாறாது என்று சொல்ல மாட்டேன், வாவ்ரிங்காவுக்கும் அந்த வயதுதான். ஆனால் வாவ்ரிங்கா அந்த வயதில் முன்னால் வந்து அடிக்க ஆரம்பித்திருந்தார்.

முசெட்டியைப் பார்க்க வேண்டும் என்றால் யோசிக்காமல் பாருங்கள் என்பேன். இந்தத் தலைமுறையில் ஒற்றைக்கை பேக்ஹேண்டை இப்படி ஆடுகிறவர் வேறு யாரும் இல்லை. ஆனால் 2022-க்குப் பிறகு ஒரு பட்டம்கூட இல்லை, இறுதிக்கு வந்து வந்து தோற்கிறார். ஓஜே-அலியாசிம் அதற்கு நேர் எதிர்க் கதை: தொடக்கத்தில் எட்டு இறுதி தொடர்ந்து தோற்றவர், அப்புறம் கற்றுக்கொண்டார். 2025-இல் மூன்று பட்டம், யுஎஸ் ஓபன் அரையிறுதி, பாரிஸ் மாஸ்டர்ஸ் இறுதி. இரண்டிலும் நிறுத்தியவர் சின்னர். நல்ல சர்வ் நாளில் யாரையும் சாய்ப்பார், ஆனால் அந்த வருடத்தின் முதல் மூன்று கிராண்ட்ஸ்லாமில் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. ஃபிரிட்ஸுக்கு விம்பிள்டன் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான்.

ஜோகோவிச்? 38 வயதைத் தொட்ட 2025-இல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் அரையிறுதி. அவரைப் பற்றி எதையும் முடிந்துவிட்டது என்று எழுதக் கூடாது. ஆனால் பையன் ஒரு வருடம் முழுக்கத் தொடர்ந்து பார்க்க ஆள் கேட்கிறான், அவரோ தேர்ந்தெடுத்துத்தான் ஆடுகிறார்.

டிரேப்பரா, ஷெல்டனா

கடைசியில் என் கையில் இருவர் மிஞ்சினார்கள். இருவரும் இடதுகை. இருவருக்கும் வயது இருபதுகளின் தொடக்கம். இடதுகை என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. வலதுகைக்காரருக்கு எதிராக இடதுகை சர்வ், அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து (சர்வ் போடுபவரின் இடது பாதி) வெளியே வளைந்து போகும்போது, எதிராளியைக் கோர்ட்டுக்கு வெளியே இழுத்துவிடும். 40-30, அட்வான்டேஜ் போன்ற கேம் புள்ளிகள் விழுவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். அல்கராஸ், சின்னர் இருவரும் வலதுகை.

டிரேப்பரின் பக்கம் வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது: அவர் உண்மையிலேயே செய்து காட்டியிருக்கிறார். 2025 மார்ச், இந்தியன் வெல்ஸ் அரையிறுதியில் அல்கராஸை 6-1, 0-6, 6-4. நடு செட்டில் ஒரு கேம்கூட எடுக்காமல், மூன்றாவது செட்டில் மீண்டு வந்து முடித்தார். மறுநாள் இறுதியில் ரூனேயை 6-2, 6-2. களிமண்ணிலும் மாட்ரிட் இறுதி வரை போனார். ஜூனில் உலகின் 4-வது இடம். எல்லாத் தரையிலும் ஆடத் தெரிந்த, அடிக்கவும் தடுக்கவும் தெரிந்த ஆட்டம். ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் என் முதல் ஆள் அவர்தான், சந்தேகமே இல்லை.

உடம்புதான் பிரச்சினை. இடது கையில் எலும்புக் காயம். விம்பிள்டனில் இரண்டாவது சுற்றில் சிலிச்சிடம் தோல்வி, யுஎஸ் ஓபனில் ஒரே ஆட்டம் ஆடிவிட்டு விலகல், அத்தோடு சீசன் முடிந்தது. அந்தக் கையால்தான் சர்வ் போட வேண்டும். கிராண்ட்ஸ்லாம் என்றால் இரண்டு வாரத்தில் ஏழு ஆட்டம், ஒவ்வொன்றும் ஐந்து செட் வரை போகலாம். இதில் புள்ளிக் கணக்கும் அவருக்கு எதிராக நிற்கிறது: பிப்ரவரியில் தோஹா இறுதியின் 330, மார்ச்சில் இந்தியன் வெல்ஸின் 1,000. அவர் மெதுவாகத் திரும்பி வந்தால் இரண்டும் கழிந்து, தரவரிசை சரிந்து, நான்காவது சுற்றிலேயே சின்னரைச் சந்திக்கும் இடத்துக்குப் போய்விடுவார்.

ஷெல்டன் இதுவரை அவ்வளவு முழுமையான ஆட்டக்காரர் இல்லை. பேக்ஹேண்ட் ரிட்டர்ன் இன்னும் பலவீனம். சின்னரை ஒரே ஒரு முறை, 2023 ஷாங்காயில் வென்றார், அதற்குப் பிறகு தொடர்ந்து தோல்விதான். ஆனால் மணிக்கு 240 கி.மீ. வரை சர்வ் போட்டிருக்கிறார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸிலிருந்து 2022-இல்தான் தொழில்முறைக்கு வந்தவர், அப்பாவே முன்னாள் ஆட்டக்காரர், பயிற்சியாளரும் அவரே. மொத்தத்தில் ஏறுமுகம்தான். 2025 ஆகஸ்டில் டொரன்டோவில் முதல் மாஸ்டர்ஸ் பட்டம், ஹார்ட் கோர்ட்டில்.

பையனுக்கு நான் பேப்பரில் எழுதிக் காட்டியது ஒரே ஒரு விஷயம். 2025-இல் சின்னரிடமும் அல்கராஸிடமும் ஷெல்டன் தோற்ற அந்த மூன்று கிராண்ட்ஸ்லாம் ஆட்டங்களின் முதல் செட். மெல்போர்ன்: 7-6. பாரிஸ்: 7-6. விம்பிள்டன்: 7-6. மூன்று வெவ்வேறு தரை, மூன்றிலும் டைபிரேக் வரை கொண்டுபோனார், மூன்றையும் விட்டார். மெல்போர்னில் செட் பாயின்ட்டே கையில் இருந்தது. முதல் செட் போனதும் அவர் வேகம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது, எதிராளியின் கை ஓங்கிவிடுகிறது. இதில் ஒரே ஒரு டைபிரேக் மறுபக்கம் விழுந்தால் ஐந்து செட் ஆட்டம் வேறு மாதிரி போகும். டைபிரேக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சர்வ். அவரிடம் இருப்பதும் அதுதான்.

அதனால் 2026-க்கு மட்டும் என்றால் என் பதில் ஷெல்டன். டிரேப்பரின் கை முழுதாக ஆறிவிட்டது என்று ஏப்ரல் வாக்கில் தெரிந்தால், பதிலை மாற்றிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

இன்னும் மூன்று வருடம் பொறுக்க முடியும் என்றால் கதை வேறு. பிரேசிலின் ஜோவா ஃபொன்சேகா 2024 முடிவில் 145-வது இடம், 2025 முடிவில் 24. வயது 19. ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து ருப்லெவை நேர் செட்டில் வீழ்த்தினார். பிப்ரவரியில் பியூனஸ் ஐரிஸ் களிமண்ணில் பட்டம், அக்டோபரில் பாசெலில் 500 பட்டம். அந்த ஃபோர்ஹேண்ட் மட்டையிலிருந்து கிளம்பும் சத்தமே வேறு. கிராண்ட்ஸ்லாமில் இதுவரை மூன்றாவது சுற்றைத் தாண்டவில்லை, ஐந்து செட் ஆடும் உடம்பு இன்னும் வரவில்லை, அது வயதோடு வரும். செக் நாட்டின் யாகுப் மென்சிக்கையும் விட்டுவிட முடியாது. 2025 மியாமி இறுதியில் ஜோகோவிச்சை இரண்டு டைபிரேக்கில் வென்றபோது அவருக்கு வயது 19, தரவரிசை 54. ஆனால் அவருடைய முழங்கால் அடிக்கடி தொல்லை கொடுக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன், "அப்போ சின்னரும் அல்கராஸும் அப்படியே நிக்கமாட்டாங்களே மாமா, அவங்களும் முன்னேறுவாங்கல்ல?" என்றான். நான் விட்டுவிட்ட கேள்வி அது. உண்மைதான். யுஎஸ் ஓபன் இறுதியில் தோற்றதும் சின்னர், தன் ஆட்டம் எதிராளியால் எளிதில் ஊகிக்கக்கூடியதாக ஆகிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த சில வாரங்களில் அவர் சர்வ் கண்ணுக்குத் தெரியும்படி மேம்பட்டது, டூரினில் அல்கராஸையே நேர் செட்டில் வென்றார். துரத்துகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் துரத்த வேண்டியிருக்கிறது.

மெல்போர்ன் டிரா வரும் நாளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஷெல்டன் எந்தக் கால்பகுதியில் விழுகிறார் என்று பார் என்றேன். 2025 அரையிறுதியின் 800 புள்ளி அவர் கணக்கிலிருந்து கழியப்போகிறது. காலிறுதியிலேயே சின்னர் நின்றால் அந்த 800-ஐத் திரும்ப எடுப்பதே பெரும்பாடு. எதிர்ப் பாதியில் விழுந்து, ஸ்வெரெவோ முசெட்டியோ குறுக்கே வந்தால், அரையிறுதி வரை வழி திறந்திருக்கும். அங்கே போய்ச் சேர்ந்தபிறகு, அந்த முதல் செட் டைபிரேக்கைப் பார்.